விண்கல் டயல் வாட்ச்: அசலைக் கண்டுபிடிப்பது முதல் மழைக்காலத்தில் காப்பாற்றுவது வரை

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கி நாலாம் நாள். கொழிஞ்சாம்பாறையில் என் வாட்ச் ரிப்பேர் கடையின் கண்ணாடிப் பெட்டிமேல் ஒருவர் கைக்குட்டையைப் பிரித்து ஒரு கடிகாரத்தை வைத்தார். எருத்தேம்பதிப் பக்கத்துக்காரர், பதினோரு வருடம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். "அண்ணா, டயலு விண்கல்லுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. நெசந்தானுங்களா? உள்ள ஆவி அடிச்ச மாதிரி இருக்குது, அதையும் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

விண்கல் டயல் வாங்கியவர்கள், வாங்க நினைப்பவர்கள் எல்லோருக்கும் முக்கியமானவை இந்த இரண்டு கேள்விகள்தான். பாலக்காட்டுக் கிழக்குப் பகுதியில் வளைகுடா போய்வந்தவர் இல்லாத தெரு குறைவு. அதனால் இந்த வகைக் கடிகாரம் முன்பைவிட அதிகமாக என் மேசைக்கு வருகிறது. பார்த்தும் கழற்றியும் கற்றுக்கொண்டதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: கல்லைத் தெரிந்துகொள்வது

விண்கல்லை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்: கல் வகை, இரும்பு வகை, இரண்டும் கலந்த வகை. விழும்போதே பார்த்து எடுத்தவற்றில் மிகப் பெரும்பான்மை கல் வகை. நம்ம சித்தூர்ப் புழை போய்க் கலக்கும் பாரதப்புழையின் கரையில், குற்றிப்புரத்தில் 1914-ல் விழுந்தது கல் வகை. 2008 செப்டம்பர் 12 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் விழுந்ததும் அதே வகைதான். இவற்றை அறுத்தால் உள்ளே சாம்பல் நிறப் பாறைதான் இருக்கும். கடிகார டயலில் நீங்கள் பார்க்கும் குறுக்கும் நெடுக்குமான வெள்ளிக் கோடுகள் இதில் வராது.

அந்தக் கோடுகளுக்கு இரும்பு வகை வேண்டும். சுமார் 450 கோடி ஆண்டுக்கு முன், சூரிய மண்டலம் உருவான காலத்தில், சிறு கோள்கள் உருகி உள்ளே இரும்பும் நிக்கலும் திரண்டன. அந்த உலோகம் ஒரு டிகிரி ஆறவே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் எடுத்தது; சிலவற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள். அப்படி ஆறும்போது, ஒன்றாக இருந்த உலோகம் இரண்டாகப் பிரிகிறது. நிக்கல் குறைந்த காமசைட் பட்டைபட்டையாக வளர்கிறது. நிக்கல் கூடிய டேனைட், பட்டைகளுக்கு நடுவில் மெல்லிய இழையாக ஒதுங்கி நிற்கிறது. அறுத்து, மெருகேற்றி, நீர்த்த நைட்ரிக் அமிலம் தடவினால் காமசைட் சீக்கிரம் அரிக்கப்படும்; டேனைட் அரிபடாமல் நிற்கும். கோலம் வெளியே வந்துவிடும்.

இதற்கு விட்மன்ஸ்டேட்டன் கோலம் என்று பெயர். வியன்னாவில் அரசு பீங்கான் ஆலையை நடத்திய ஆலாய்ஸ் விட்மன்ஸ்டேட்டன் 1808-ல் விண்கல் துண்டைத் தீயில் காட்டியபோது இதைப் பார்த்தார். அவருக்கு நாலு வருடம் முன்பே நேப்பிள்ஸில் இருந்த தாம்சன் என்ற ஆங்கிலேயர், ஒரு விண்கல்லின் துருவைப் போக்க நைட்ரிக் அமிலம் பூசி இதையே பார்த்து எழுதியும் வைத்திருக்கிறார். பெயர் மட்டும் மற்றவருக்குப் போய்விட்டது. துருவை எடுக்கப் போய்த்தான் இந்தக் கோலம் முதலில் கண்ணில் பட்டது என்பது, துருவோடு தினமும் போராடும் என்னைப் போன்றவனுக்கு மிகவும் பிடித்த செய்தி.

எல்லா இரும்பு விண்கல்லிலும் கோலம் வராது. நிக்கல் மிகக் குறைந்தாலும் வராது, மிகக் கூடினாலும் வராது. உலகத்தில் கிடைத்ததிலேயே பெரிய விண்கல் நமீபியாவில் இருக்கும் ஹோபா. சுமார் 60 டன். அதில் நிக்கல் கிட்டத்தட்ட 16 சதவீதம், எனவே இந்தக் கோடுகள் கண்ணுக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய கல், டயல் போடுபவருக்கு உதவாது.

கிணறு தோண்டும்போது கிடைத்தது என்று கறுத்த கல்லைக் கொண்டுவந்து "இதுல டயல் போடலாமா" என்று கேட்பவர்கள் உண்டு. நான் பார்த்தவரை எல்லாம் இரும்பு உருக்கிய கசடு, இல்லையென்றால் செம்பாறைத் துண்டு. உண்மையாகவே வானத்திலிருந்து விழுந்ததைப் பார்த்து எடுத்திருந்தால், அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். இந்தியாவில் விழும் விண்கற்களைச் சேர்த்துப் பாதுகாப்பது அவர்கள்தான்.

இரண்டாம் படி: எந்த விண்கல் என்று கேட்பது

விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. "விண்கல்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டால் மேலே துருவுங்கள். டயல்களில் அதிகம் வருவது இரண்டு பெயர்கள்.

ஒன்று கிபியோன். நமீபியாவில் கிபியோன் ஊரைச் சுற்றிய பாலை நிலத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குச் சிதறிக் கிடந்தது. அந்தப் பகுதி மக்கள் இதைத் தட்டி ஆயுதமும் கருவியும் செய்திருக்கிறார்கள். 1836-ல் ஒரு ஆங்கிலேயப் படைத்தலைவர் எடுத்துப்போன துண்டுகளை வானியலாளர் ஜான் ஹெர்ஷல் சோதித்து, விண்கல்தான் என்றார். நிக்கல் சுமார் 8 சதவீதம், கோடுகள் மெல்லியவை, நேர்த்தியானவை. வறண்ட நிலத்தில் கிடந்ததால் துருவும் குறைவு. ஆனால் நமீபியா இதைப் பாதுகாக்கப்பட்ட பொருளாக அறிவித்து, வெளியே கொண்டுபோவதைத் தடுத்துவிட்டது. தலைநகர் விண்ட்ஹுக்கின் நடுத்தெருவில், தூண்கள்மேல் கிபியோன் துண்டுகளை நிறுத்திக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே இன்று சந்தையில் வரும் கிபியோன், பழைய இருப்பாக இருக்க வேண்டும். எங்கே, எப்போது வாங்கியது என்பதற்குத் தாள் கேட்பதில் தப்பில்லை.

இன்னொன்று மூனியோனாலுஸ்டா. சுவீடனின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு அப்பால், 1906-ல் முதல் துண்டு கிடைத்தது. பூமிக்கு வந்து சுமார் பத்து லட்சம் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்கிறார்கள். பனிப்பாறைகள் இழுத்துப்போட்ட ஈர மண்ணில் அத்தனை காலம் புதைந்திருந்ததால் இதற்குள் குளோரைடு உப்பு ஊறியிருக்கலாம். கோலம் கிபியோனுக்குச் சளைத்ததல்ல. துருப்பிடிக்கும் குணம் மட்டும் கூடுதல். நம்ம பக்கத்தில் கட்டுபவர் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசிப் படியில் இதற்கே திரும்ப வருகிறேன்.

பெரிய பெயர்களைப் பார்த்தால், கோரம் நிறுவனம் 1986-லேயே கிரீன்லாந்தின் கேப் யார்க் விண்கல்லை டயலாக்கியது. ரோலெக்ஸ் 2019-ல் வெள்ளைத் தங்க ஜிஎம்டி மாஸ்டர் கடிகாரத்திலும், 2021-ல் டேடோனாவிலும் விண்கல் டயல் வைத்தது. ஒமேகாவின் 2021 கான்ஸ்டலேஷன் வரிசையில் இருப்பது மூனியோனாலுஸ்டா. ஜெகர் லெகூல்த்ர், ஹெர்மெஸ் இவர்களும் செய்திருக்கிறார்கள். தங்கக் கூடு வந்துவிட்டால் விலை பல பத்து லட்சம் என்று போகும். அவ்வளவு வேண்டாம் என்பவர்க்கு, சிங்கப்பூரின் ஜெலோஸ் மாதிரி சிறிய நிறுவனங்கள் ஒரு லட்சத்துக்குள்ளேயே எஃகுக் கூட்டில் அசல் விண்கல் டயல் தருகின்றன. அந்தத் தங்கக் கடிகாரத்தில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு தங்கத்துக்கும் மெஷினுக்கும் பெயருக்கும் போகிறது. கோலத்துக்காக ஆசைப்படுபவர் சிறிய நிறுவனத்திலேயே தொடங்கலாம் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: டயல் எப்படி ஆகிறது என்று புரிந்துகொள்வது

இது தெரிந்தால்தான் அசல் எது என்று பார்க்கக் கண் வரும்.

விண்கல்லைக் காய்ச்சித் தகடாக்க முடியாது. காய்ச்சி அடித்தால் கோலம் அழிந்துவிடும். 1621 ஏப்ரலில் ஜலந்தருக்குப் பக்கத்தில் இரும்பு விண்கல் ஒன்று விழுந்தபோது, ஜஹாங்கீர் பாதுஷா அதில் வாளும் கத்தியும் செய்யச் சொன்னார். சம்மட்டி அடியில் அது நிற்காமல் உடைந்ததால், மூன்று பங்கு விண்கல்லுக்கு ஒரு பங்கு சாதாரண இரும்பு சேர்த்து அடித்தார்கள். அந்தக் கத்திகளில் ஒன்று இன்று வாஷிங்டனில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆயுதமாக அது சிறப்பு. ஆனால் அடித்துச் செய்ததில், டயலில் நாம் பார்க்கும் படிகக் கோலத்தைத் தேட முடியாது.

ஆகவே டயலுக்குக் குளிர்ந்த நிலையிலேயே அறுக்கிறார்கள். அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெலிந்த சீவல். உள்ளே கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த கனிமத் திட்டுகள் அங்கங்கே இருக்கும். அந்த இடத்தில் சீவல் உடையும், பொத்தலாகும். கணிசமான துண்டு வீணாகும். தப்பியதை வட்டமாக வெட்டி, முள் போகத் துளையிட்டு, மெருகேற்றி, அமிலம் தடவி, கழுவிக் காயவைத்து, பெரும்பாலும் ரோடியம் முலாமோ அரக்குப் பூச்சோ கொடுக்கிறார்கள். அடியில் பித்தளைத் தகடு ஒட்டுவதும் உண்டு. பூச்சு இருக்கிறதா, என்ன பூச்சு என்பது நம்ம ஊரில் கட்டுபவர் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி.

நாலாம் படி: கண்ணால் சோதிப்பது

ஐ கிளாஸ் ஒன்று இருந்தால் நல்லது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் சாதாரணக் கண்ணாடி போதும். ஜன்னல் பக்கம், பகல் வெளிச்சத்தில் உட்காருங்கள். டியூப் லைட் வேண்டாம்.

முதலில் கடிகாரத்தை மெதுவாகச் சாயுங்கள். அசலில் ஒரு திசையில் ஓடும் பட்டைகள் பளிச்சென்று மின்னும்போது, வேறு திசைப் பட்டைகள் இருண்டு நிற்கும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் மின்னியது இருளும், இருண்டது மின்னும். ஒவ்வொரு திசைப் படிகமும் ஒளியைத் தனித்தனிக் கோணத்தில் திருப்புவதால் வரும் ஆட்டம் இது. காஞ்சிபுரம் பட்டில் ஊடும் பாவும் வேறு நிறமாக இருந்தால், திருப்பத் திருப்ப ஒவ்வொன்று தலைகாட்டும் அல்லவா, அதைப் போல. அச்சடித்த டயலில் வெளிச்சம் மொத்தமாகக் கூடும், மொத்தமாகக் குறையும். இந்த ஒரு சோதனையிலேயே முக்கால்வாசிப் போலி பிடிபட்டுவிடும்.

அடுத்து கோணம். பட்டைகள் கண்டபடி ஓடுவதில்லை. எண்முகப் படிகத்தின் நாலு தளங்களில்தான் அவை வளர்கின்றன. அதனால் ஒரு டயலில் அதிகபட்சம் நாலு திசைகள்தான் தெரியும். அறுத்த கோணத்தைப் பொறுத்து, சிலதில் மூன்று திசைகள் 60 டிகிரியில் முக்கோணம் முக்கோணமாக வெட்டிக்கொள்ளும். சிலதில் இரண்டு திசைகள் சதுரக் கட்டமாக நிற்கும். ஒரு டயலில் ஓரத்துக்கு ஓரம் இந்தத் திசைகள் மாறக் கூடாது. கிறுக்கியது போல ஏழெட்டுத் திசைகளில் கோடு போனால் அது எஃகில் கீறியது.

மூன்றாவது, திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அச்சில் ஒரே வடிவம் வேறோர் இடத்தில் மறுபடி தலைகாட்டும். அதே மாடல் படத்தை இணையத்தில் தேடி, பன்னிரண்டு மணிக்குப் பக்கத்திலும் தேதி ஜன்னலைச் சுற்றியும் உள்ள கோடுகளை ஒப்பிடுங்கள். இரண்டு கடிகாரத்தில் ஒரே கோலம் இருந்தால் இரண்டில் ஒன்றாவது போலி. அசலில் அது நடக்க வழியில்லை.

நாலாவது, தேதி ஜன்னலின் விளிம்பு. பட்டை அங்கே கத்தியால் வெட்டியது போல நிற்க வேண்டும். போலியில் கோடு விளிம்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே மங்கிவிடும். சில சமயம் வெட்டிய முகத்தில் பித்தளையின் மஞ்சள் நிறம் மேற்பரப்பு வரைக்குமே தெரியும். அடித்தகடு ஒட்டிய அசலிலும் கீழே பித்தளை தெரியலாம் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

காந்தம் வைத்துப் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வைக்காதீர்கள். இரும்பு விண்கல் காந்தத்தில் ஒட்டும் என்பது உண்மை. ஆனால் கூட்டுக்குள் இருக்கும் மெஷினில் எஃகுப் பாகங்கள் எப்படியும் இருக்கின்றன. எது இழுபடுகிறது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ஓட்டத்தைச் சீராக வைக்கும் மெல்லிய சுருள்வில்லான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறிச் சுற்றுகள் ஒட்டிக்கொண்டு, கடிகாரம் நாளுக்குப் பல நிமிடம் வேகமாக ஓடத் தொடங்கும். அதே மாதிரி, நெயில் பாலிஷ் ரிமூவர், எலுமிச்சைச் சாறு என்று டயலைத் தொட்டுப் பார்க்கும் எந்தச் சோதனையும் வேண்டாம்.

ஐந்தாம் படி: டயல் மாற்றியதா என்று பார்ப்பது

கல் அசலாக இருந்தும் ஏமாறக்கூடிய இடம் இது. சாதாரண டயலோடு வந்த விலையுயர்ந்த கடிகாரத்தை வாங்கி, வெளியில் செய்த விண்கல் டயலை மாட்டி, கம்பெனி டயல் என்று விற்கிறார்கள். கல்லைச் சோதித்தால் அசல் என்றே காட்டும். ஆனால் கம்பெனி சர்வீஸ் சென்டர் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பும், மறுவிற்பனை மதிப்பு சரியும்.

பார்க்க வேண்டியது எழுத்து. ஐ கிளாஸில் பெயரும் நிமிடக் கோடுகளும் ஓரம் கசியாமல், சற்று மேடாக நிற்க வேண்டும். விண்கல் மேற்பரப்பு மேடுபள்ளமானது. அதன்மேல் சுத்தமாக அச்சடிப்பது கஷ்டம், தேர்ந்த கைக்குத்தான் அது வரும். எண் பட்டைகள் எல்லாம் மையத்தை நோக்கி நேராக நிற்கின்றனவா, சிறிய டயல்களின் வட்டம் கோணாமல் இருக்கிறதா என்று பாருங்கள். மாடல் எண்ணை வைத்து, அந்த மாடல் விண்கல் டயலோடு எப்போதாவது வந்ததா என்று நிறுவனத்தின் பட்டியலில் தேடுங்கள். எஃகு மாடலில் அப்படி வந்ததே இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பணம் கொடுக்கும் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாரண்டி அட்டையில் உள்ள எண்ணும் கூட்டில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தால் பில்லோடு விமான நிலையத்தில் அறிவித்து, தீர்வை கட்டிய ரசீதைக் கடிகாரப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். இங்கே வாங்கினால், இரண்டு லட்சம் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கடைக்காரர் வாங்கக் கூடாது. 2025 ஏப்ரல் 22 முதல், 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு ஒரு சதவீத வரியை விற்பவர் வசூலித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். வருமான வரிக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: நம்ம ஊர் ஈரத்தில் காப்பாற்றுவது

சுவிட்சர்லாந்தில் எழுதும் குறிப்பேட்டில் இது இருக்காது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் மழை குறைவுதான். ஆனால் இடவப்பாதி வந்தால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடித்துக்கொண்டே இருக்கும். இங்கே கட்டிக்கொண்டு மன்னார்க்காடு, அட்டப்பாடி என்று வேலைக்குப் போய்வருபவரின் கடிகாரம் மாதக்கணக்கில் ஈரத்திலேயே இருக்கிறது. டயல் இரும்பு. குளோரைடும் ஈரமும் சேர்ந்தால் துருவுக்கு வேறெதுவும் தேவையில்லை. முலாம் இருந்தாலும் துளையின் விளிம்பு, ஜன்னல் ஓரம் போன்ற இடங்களில் அது மெலிந்திருக்கும்.

ஆகவே காக்க வேண்டியது கூட்டின் வாசல்களை. பேக் கவர் வாஷர், கீயின் (நேரம் வைக்கத் திருப்பும் குமிழின்) வாஷர், கண்ணாடி வாஷர் இந்த மூன்றும்தான் வாசல். ரப்பர் வருடத்தில் இறுகும், வெடிக்கும். சித்திரை முடிவதற்குள், அதாவது மழைக்கு முன், வருடம் ஒருமுறை காற்றழுத்த மெஷினில் சோதித்துவிடுங்கள். தண்ணீரில் முக்கிச் சோதிக்கும் முறைக்கு விண்கல் டயலைக் கொடுக்காதீர்கள். ஓட்டை இருந்தால் சோதனையிலேயே டயல் போய்விடும்.

பேக் கவரைத் தேவை இல்லாமல் திறக்கவிடாதீர்கள். திறக்க வேண்டி வந்தால் மழையில்லாத நாளில், ஏசி ஓடிக் காற்று காய்ந்த அறையில் திறக்கும் கடையாகப் பாருங்கள். மூடும்போது புது வாஷர், சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட வேண்டும். திருகும் கீ இருந்தால், கை ஈரமாக இருக்கும்போது அதைத் தொடவே கூடாது. வீட்டில் வைக்கும்போது சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பா போதும். அரிசிப் பானைக்குள் புதைப்பது, வெயிலில் காயவைப்பது இரண்டும் வேண்டாம். அரிசித் தூசி கீயின் இடுக்கில் ஏறும். வெயிலில் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியிலும் டயலிலும் படியும்.

கண்ணாடிக்குள் மூட்டம் தெரிந்தால் அன்றே கடைக்குக் கொண்டுபோங்கள். ஒரு வாரம் விட்டால் ஆரஞ்சு நிறப் புள்ளி எழும். அந்தப் புள்ளியை இங்கே யாராலும் தேய்த்து எடுக்க முடியாது. தேய்த்தால் கோலமும் போகும், முலாமும் போகும். டயலைக் கழற்றி, திரும்ப அமிலமிட்டுப் பூச்சுக் கொடுக்கக்கூடிய இடத்துக்கு அனுப்ப வேண்டும்.

எருத்தேம்பதிக்காரரின் கடிகாரத்துக்கு வருகிறேன். ஜன்னலில் சாய்த்துப் பார்த்தேன். பட்டைகள் மாறி மாறி மின்னின. மூன்று திசைகள், 60 டிகிரி, எங்கும் குழப்பமில்லை. அசல் மூனியோனாலுஸ்டா, பில்லிலும் அப்படியே இருந்தது. ஆவிக்குக் காரணம் பேக் கவரில் கிடைத்தது. போன மாதம் நேரம் சரிசெய்ய ஒரு கடையில் திறந்திருக்கிறார்கள். பழைய வாஷரையே முறுக்கிய நிலையில் வைத்து மூடியிருந்தார்கள். உலர்த்தி, புது வாஷர் போட்டு, அழுத்தம் சோதித்தேன். ஏழு மணிக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவு ஒரு பழுப்புப் புள்ளி தொடங்கியிருந்தது. அதை அவரிடம் காட்டி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுவரச் சொன்னேன். வளர்ந்தால்தான் டயலைக் கழற்ற வேண்டும்.

கொடுக்கும் முன் ஒரு வேலை செய்தேன்; நீங்களும் செய்யுங்கள். அவர் போனிலேயே டயலை நேராக ஒரு படம், இரண்டு பக்கம் சாய்த்து இரண்டு படம், ஐ கிளாஸ் வழியாக ஏழு மணிப் புள்ளியை ஒரு படம் எடுத்து, தேதியோடு சேமிக்கச் சொன்னேன். ஒரு டயலின் கோலம் கைரேகை மாதிரி, இன்னொன்றில் வராது. சர்வீஸுக்குக் கொடுக்கும்போது ரசீதில் "விண்கல் டயல், படம் எடுக்கப்பட்டது" என்று எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது கடையைவிட்டு இறங்கும் முன் படத்தோடு கோட்டுக்குக் கோடு ஒத்துப் பாருங்கள்.